பக் எண் 1187

ஜனவரி 8, திங்கள்

இந்த டைரி மோட்டார் பம்பு கம்பெனி ஒன்று இனாமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு நீர்மூழ்கி மோட்டார் படம். தாரணியின் அப்பா வருடா வருடம் இரண்டு வாங்கி அனுப்புவார், எனக்கொன்று அவளுக்கொன்று. இந்த வருடமும் பழக்கத்தில் இரண்டு அனுப்பிவிட்டார். ஒன்றில் எழுதுகிறேன். இன்னொன்றின் மேல் குக்கரை இறக்கி வைக்கிறேன். நல்ல கெட்டி அட்டை.

தாரணி என் மனைவி. நவம்பர் 21 அன்று இறந்துபோனாள். டெங்கு. இதை எழுதிவிட்டால் மறுபடி எழுத வேண்டியதில்லை.

வேலை: சரவணம்பட்டியில் ஒரு பேக்கரி மாடியில் எங்கள் ஆபீஸ். பழைய கம்ப்யூட்டர் கேம்களை இன்றைய கன்சோலில், அதாவது விளையாட்டுப் பெட்டியில், ஓட வைப்பதுதான் தொழில். போர்ட் செய்வது என்போம். இப்போது கையில் இருப்பது 'ஸ்லாக்பிட்', 1996இல் வந்த சுடுகிற கேம். செவ்வாய் கிரகத்தில் ஒரு இரும்பு உருக்காலை, அதற்குள் துப்பாக்கியோடு ஒருத்தன். அவன் கண் வழியாகத்தான் எல்லாம் தெரியும். அவனுக்கு முகமும் கிடையாது, பெயரும் கிடையாது. கோயம்புத்தூரில் ஃபவுண்டரிக்குள் நடக்கிறவனை வேறென்ன சொல்வது, மேஸ்திரி என்று கூப்பிடுகிறோம். உருகிய இரும்பு உருண்டைகள் மிதந்து வந்து அவனைக் கடிக்கும். அவற்றுக்கு ஏதோ லத்தீன் பெயர் இருக்கிறது. நாங்கள் போண்டா என்போம்.

பிப்ரவரி 9க்குள் கன்சோல்காரர்களுக்கு அனுப்பியாக வேண்டும்.

ஜனவரி 9, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. தோசை ஊற்றினேன். சாப்பிட்டேன்.

ஜனவரி 11, வியாழன்

எங்கள் ஆபீஸில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பக்கை, அதாவது கேமில் உள்ள பிழையை, யார் கண்டுபிடித்து எழுதினார்களோ அவர்கள்தான் அதை க்ளோஸ் செய்ய வேண்டும். நான் சரிசெய்துவிட்டேன் என்று சொன்னால் போதாது. எழுதிய ஆள் விளையாடிப் பார்த்து, "சரி, ஒழிஞ்சு போ" என்று மூட வேண்டும். திருப்தி இல்லையென்றால் ரீஓப்பன்.

தாரணிதான் எங்கள் டெஸ்டர். அவள் எழுதிய இருபத்து மூன்று பக் அவளுக்காகக் காத்திருக்கின்றன. சட்டம் போட்டவர்களுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் தோன்றவில்லை.

மேனேஜர் ஃபெலிக்ஸ் நாகர்கோவில்காரர். காலையில் என் டேபிளில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு நாற்காலி என்ற ஒன்று இருப்பதை அவர் ஏற்பதில்லை.

"மக்கா, ஷாஹிதாவுக்கு மூடுத உரிமைய குடுத்திருக்கேன். அவ ஒவ்வொண்ணா பாத்து முடிக்கட்டும். ஒனக்கு சரிதானடே?"

"சரிண்ணே."

"இல்லன்னா சொல்லு."

"சரிதான்ணே."

ஷாஹிதா தாரணியிடம் வேலை கற்றவள். இப்போது அவள் இடத்தில் உட்கார்கிறாள். ஒவ்வொரு பக்கையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் டெஸ்ட் செய்கிறாள்.

"தொள்ளாயிரத்து மூணு. 'போண்டா சுவத்துக்குள்ள மாட்டிட்டு நடுங்குது. சுடப் பாவமா இருக்கு. சுட்டேன். சாகல.' அண்ணா, இப்ப சாகுது. மூடிரட்டுமா?"

"மூடு."

"ஆயிரத்து நாப்பது. 'கதவு தெறக்கற சத்தம் மிதுன் இருமற மாதிரியே இருக்கு. ரெண்டுல ஒண்ண சரி பண்ணவும்.'"

ரூமே சிரித்தது. நான் இருமினேன். இன்னும் சிரித்தார்கள்.

ஜனவரி 12, வெள்ளி

இருபத்து இரண்டு மூடியாயிற்று. கடைசியாக மூடியது 1102: "மேஸ்திரி செத்த பிறகும் துப்பாக்கி மட்டும் தனியா நடந்து போகுது. அதுக்கு யாராவது தகவல் சொல்லவும்." நான் அதை அக்டோபரிலேயே சரிசெய்துவிட்டேன்.

பாக்கி ஒன்று, 1187. அவள் எழுதியது இது:

"ஒரிஜினல்ல இன்வர்ட் இருந்துச்சு. போர்ட்ல காணோம். ஸ்டிக்க பின்னால இழுத்தா மேல பாக்கணும். மனுசங்க அப்படித்தான் பாப்பாங்க. 'டிசைனே அதான்'னு எவனாவது சொன்னா கொன்னுருவேன்."

அதாவது, உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு, கன்ட்ரோலரில் இருக்கும் குட்டி ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் மேலே பார்க்க வேண்டும். சிலருக்கு நேர் தலைகீழ், அதுதான் இன்வர்ட். தாரணி அந்தச் சிலரில் ஒருத்தி. கன்சோலின் சின்னத் திரையில் செட்டிங்ஸுக்கு ஆறு வரிதான் இடம். ஏழாவதாக இருந்த இன்வர்ட்டை எடுத்தது நான். அந்த பக்குக்கு நான் போட்ட பதில்: வோண்ட் ஃபிக்ஸ். திருத்தப்போவதில்லை. தேதி நவம்பர் 18.

ஷாஹிதா திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, இது?"

"மூடு. டிசைனே அதான்."

மூடினாள். பொங்கல் லீவு ஆரம்பம்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

எங்களுக்கு இல்லை. சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருடம் பண்டிகை கிடையாது. அன்னூரில் தாரணி வீட்டிலும் இல்லை. பக்கத்து வீடுகளில் குலவை போடும்போது சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று மாமா, அவள் அப்பா, நேற்றே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார். அத்தை வரவில்லை. இந்த வீட்டுப் படி ஏற இன்னும் கால் வரவில்லையாம்.

மாமா பெயர் நாச்சிமுத்து. முப்பது வருடம் பொக்லைன் ஓட்டினார். கிணறு, குட்டை, வாய்க்கால், எதைச் சொன்னாலும் தோண்டுவார். பேச்சு மட்டும் அவரிடமிருந்து வராது. நானும் அப்படித்தான். இரண்டு நாளாக வீடு அமைதியாக இருக்கிறது.

ஆபீஸ் கன்சோலை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். கூடாது. ஆனாலும் ஒரு டெஸ்ட் இருக்கிறது: மேஸ்திரியைப் பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்து, கேம் உறைந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். மாமா எதிரே நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொரு மணிக்குக் கேட்டார்.

"இவன் ஏனுங் மாப்ள நின்னுட்டே இருக்கறான்?"

"சும்மா நிக்க வெச்சிருக்கோம் மாமா. எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாக்கறதுக்கு."

"தாங்குதுங்களா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல."

"நல்லதுங்க," என்றார். திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

ஆறு மணிக்கு டெஸ்ட் முடிந்ததும் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன். பேச்சைத் தவிர்க்க அதுதான் வழி. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தான். மறுபடி இழுத்தார். தன் பூட்ஸைப் பார்த்தான்.

"இது ரிவர்ஸா இருக்குதுங்களே."

"எல்லாருக்கும் இப்படித்தான் மாமா."

"பொக்லைன்ல லிவர பின்னால இழுத்தா பூம் கை ஏறுமுங்க. முன்னால தள்ளுனா எறங்கும். அதானுங்க மொற." கொஞ்ச நேரம் ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டிருந்தார். "பாப்பா எம்மடிலதான் உக்காந்திருக்கும். லிவரு அதுதான் புடிக்கும். சின்னதுல." பிறகு, "இதுல பாப்பா எப்படிங்க வெளையாடுச்சு?"

இதில் விளையாட முடியாது என்றுதான் அவள் எழுதினாள் என்று நான் சொல்லவில்லை. காபி போடப் போனேன்.

அவள் எதற்காகத் தலைகீழாகப் பார்க்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. நாலு வருடம்.

ஜனவரி 17, புதன்

மாமா காலை பஸ்ஸில் போய்விட்டார். பாத்திரம் எல்லாம் கழுவி, அளவு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்.

ஆபீஸில் ஒரே கலாட்டா. வெள்ளிக்கிழமை மூடிய 1187, சனிக்கிழமை மாலை 4:10க்கு ரீஓப்பன் ஆகியிருக்கிறது, தாரணியின் அக்கவுண்டிலிருந்து. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே வார்த்தை: "போடா."

ஷாஹிதா முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, இது அக்கா ஸ்டைல்."

சர்வரில் ஏதாவது கோளாறாக இருக்கலாம். பாஸ்வேர்டை யாராவது திருடியிருக்கலாம். லீவு நாளில் இப்படி நடக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஜனவரி 18, வியாழன்

கன்சோல் மேல் யாரோ எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்கள். ஃபெலிக்ஸ், "ஏலே, இது எவன் பாத்த வேல, ஒயருக்குள்ள சாறு எறங்கிச்சுன்னா ஆவி வராது, ஷாக்குதான் வரும்" என்று கத்தினார். ஆனால் பழத்தை எடுக்கவில்லை. ஷாஹிதா 1187ஐ மறுபடி மூடினாள். மூடுவதற்கு முன் "மன்னிச்சுக்கங்கக்கா" என்றாள்.

மத்தியானம் லெமன் சாதம்.

ஜனவரி 22, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ரீஓப்பன். இந்த முறை இரண்டு வரி: "கண்ணு தெரியலையா? ஆறு வரி மெனுவுல ஏழாவது வரி வைக்க வக்கில்லாத நீயெல்லாம் எஞ்சினியர்."

இரண்டு பேர் இன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சர்வர் கோளாறுதான்.

ஜனவரி 23, செவ்வாய்

ஃபெலிக்ஸ் என்னைக் கீழே பேக்கரிக்குக் கூட்டிப் போனார். இரண்டு டீ, இரண்டு தேங்காய் பன். பன்னைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"சர்வர் பாக்குத பய லாக் எடுத்துக் குடுத்தான், யாரு எங்கேந்து உள்ள வந்தான்னு."

"சரிண்ணே."

"ஆவி ஒன் வீட்டு நெட்லேந்து வருதுடே."

நான் டீயைப் பார்த்தேன்.

"நெட் பில்லு யாரு கட்டுதா? நீயா, ஆவியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் தண்ணீர். பக்கத்து டேபிள்காரர் முதுகில் தட்டினார். நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று. ஃபெலிக்ஸ் தன் கர்ச்சீப்பைக் கொடுத்தார். அதில் ஏற்கனவே சாஸ் கறை இருந்தது.

"மேல யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா கேளு, ஒம்பதாந்தேதி கேம் போவுது. அன்னைக்கே ஆள் இல்லாத அக்கவுண்ட எல்லாம் எடுத்துரணும்னு கன்சோல்காரன் சொல்லிட்டான். அவ அக்கவுண்டும் போயிரும். அதுக்கு முன்னால அந்த ஒண்ண முடி மக்கா. எப்படி முடிப்பன்னு நான் கேக்க மாட்டேன்."

"மூடிர்றேண்ணே."

"மூடுன்னு நான் சொல்லலடே. முடின்னேன்."

அவர் பன்னை முடித்துவிட்டு என் பன்னையும் சாப்பிட்டார்.

ஜனவரி 24, புதன்

சரி. நான்தான். அவள் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். என் பெயர், அதன் பின்னால் நான் பாஸாகாத பேப்பர்களின் எண்ணிக்கை.

எங்களுக்குள் லெட்டர் எதுவும் கிடையாது. இருநூற்றுப் பதினான்கு ரீஓப்பன் இருக்கிறது. அவள் ஒரு பக் எழுதுவாள், நான் வேண்டுமென்றே வோண்ட் ஃபிக்ஸ் போடுவேன், பத்து நிமிடத்துக்குள் திட்டோடு திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் சரிசெய்வேன். கல்யாணத்துக்கு முன்னாலும் அப்படித்தான், பின்னாலும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கம் திரும்பாமலேயே திட்டுவாள்.

நவம்பர் 18, ஆஸ்பத்திரி. இரண்டாம் நாள் ட்ரிப்ஸ். நன்றாகத்தான் இருந்தாள். கன்சோலை ஒளித்து எடுத்து வரச் சொல்லிப் படுக்கையில் விளையாடினாள். ஊசி குத்திய கையோடு போனில் 1187ஐ எழுதினாள். அதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்து வந்தது. கட்டில் பக்கத்து பிளக் வேலை செய்யவில்லை. போனை என் கையில் கொடுத்து, "சார்ஜ் போட்டுட்டு வா" என்றாள்.

கேன்டீனில் பத்து நிமிடம் சார்ஜ் போட்டேன். பிறகு கஞ்சி வாங்க வரிசையில் நின்றேன். சும்மா நிற்கிறோமே என்று என் போனில் 1187ஐத் திறந்து வோண்ட் ஃபிக்ஸ் போட்டேன். "டிசைனே அதான்" என்றும் எழுதினேன். அழுத்தின உடனே சட்டைப் பையில் ஏதோ அதிர்ந்தது. அவள் போன். அவளுக்குப் போக வேண்டிய செய்தி என் பையில் வந்து விழுந்தது. மேலே போய் அவளிடம் காட்டி வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துச் சிரித்தேன். கஞ்சி பின்னால் நின்ற பெரியவர் மேல் கொஞ்சம் சிந்தியது.

மேலே போனால் கட்டில் காலி. ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

போனைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும்.

ஜனவரி 29, திங்கள்

வேலை நடக்கிறது. தலைகீழாக்குவதற்கு ஒரே ஒரு மைனஸ் குறி போதும். அதை மூன்று நொடியில் போட்டுவிட்டேன். மெனுவுக்குத்தான் நாலு நாள். ஒன்பது மொழியிலும் ஆறு வரியை ஏழாக்க வேண்டும். ஜெர்மன்காரனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கூட்ஸ் வண்டி நீளம்.

ஜனவரி 31, புதன்

மெனு முடிந்தது. ஷாஹிதா இன்வர்ட்டில் விளையாடிப் பார்த்தாள். கூரையை நோக்கி நாற்பது குண்டு சுட்டாள், போண்டா பின்னால் வந்து கடித்தது, தலை சுற்றுகிறது என்று எழுந்து போனாள்.

"எனக்கு இது சரியா தப்பான்னே தெரியலண்ணா. இப்படியே வெளையாடிப் பழகுன ஆள் யாராவது வேணும்."

அப்படி ஒரு ஆள் இருந்தாள் என்று யாரும் சொல்லவில்லை. ஃபெலிக்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலையில் மாமாவுக்கு போன் செய்தேன். நானாகச் செய்வது இதுதான் முதல் தடவை. எடுத்ததும், "என்னாச்சுங் மாப்ள? ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?" என்றார்.

"இல்லீங்க மாமா. ஒரு வேலை இருக்கு. ஆபீசுக்கு வரணும்."

"என்ன வேலைங்க?"

"கேம் விளையாடணும்."

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

"ஏசி ரூமுங்களா? துண்டு எடுத்துட்டு வந்தர்றனுங்க."

பிப்ரவரி 2, வெள்ளி

மாமா வெள்ளை வேட்டி, தலையில் துண்டு, கையில் ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடு வந்தார். ஃபெலிக்ஸ் அவருக்கு ஒரு அக்கவுண்ட் போட்டு, 1187ஐப் பார்க்கும் பொறுப்பை அவர் பெயருக்கு மாற்றினார். கழுத்தில் தொங்கவிடும் அட்டையில் 'நாச்சிமுத்து, டெஸ்டர்'. அட்டையைத் துண்டுக்கு வெளியே தெரிகிற மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஷாஹிதா தாரணியின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கப்பா."

மாமா நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். உட்கார்ந்தார்.

நான் இன்வர்ட்டை ஆன் செய்தேன். அவர் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். மேஸ்திரி நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். உருக்காலைப் புகைக்கு நடுவில் கொஞ்சம் வானம். மாமா "ம்" என்றார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் விளையாடினார். சுடுவதில் அவருக்கு அக்கறையில்லை. போண்டா வந்தால் ஒதுங்கிப் போனார், மாடு வந்தால் ஒதுங்குகிற மாதிரி. ஆனால் ஒவ்வொரு மூலையிலும் மேலே, கீழே, மேலே என்று பார்த்தார். கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஆபீஸே பின்னால் நின்றது.

ஐந்தாம் லெவலில் ஒரு பெரிய க்ரேன் வரும். மேஸ்திரி அதில் ஏறி இரும்புக் கொப்பரையைத் தூக்க வேண்டும். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். லிவரைப் பின்னால் இழுத்தார். கொப்பரை இறங்கி மேஸ்திரியின் தலையில் விழுந்தது. மேஸ்திரி செத்துப்போனான்.

மாமா கன்ட்ரோலரை டேபிளில் வைத்தார்.

"மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லுங்க மாமா."

"நடக்கறப்ப எல்லாம் செரியா இருக்குதுங்க. க்ரேன்ல ஏறுனா மட்டும் மறுக்கா ரிவர்ஸ் ஆயிருதுங்க. நீங்க அத மறந்துட்டீங்க."

மறந்துதான் போயிருந்தேன். க்ரேனின் கோட் வேறொரு ஃபைலில் இருக்கிறது.

"அதுவும் க்ரேன்லயே விட்டுட்டீங்களே," என்றார் வருத்தத்தோடு. "பாப்பா இருந்தா உங்கள சும்மா உட்டிருக்காதுங்க."

"விட்டிருக்க மாட்டா மாமா."

ஷாஹிதா மெதுவாகக் கேட்டாள். "அப்ப மூட வேண்டாமாப்பா?"

"எப்படிங் அம்மிணி மூடறது? வேலை முடியலியே. தொறந்துதான் வெக்கணும்."

ரீஓப்பன் பட்டனை ஷாஹிதா காட்டினாள். மாமா ஆட்காட்டி விரலால், லிவரை அழுத்துகிற மாதிரி, அழுத்தினார்.

என் வலது பையில் என் போன் அதிர்ந்தது. இடது பையில் தாரணியின் போன் அதிர்ந்தது.

மாமா என் இடது பையைப் பார்த்தார்.

"ரெண்டு சத்தம் வந்துதுங்களே. பாப்பா போனுங்களா?"

"ஆமாங்க மாமா."

"சார்ஜு இன்னும் நிக்குதுங்களா?"

"போட்டுட்டே இருக்கேனுங்க."

மாமா தலையாட்டினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஏசி ரூமில் யாருக்கும் வியர்க்காது.

நான் என் சீட்டுக்குப் போனேன். க்ரேன் ஃபைலைத் திறந்து இன்னொரு மைனஸ் குறி போட்டேன். அவர் கிழங்கை எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் புது வெர்ஷன் தயார். மறுபடி விளையாடினார். கொப்பரை மேலே போனது. "இப்பச் செரிங்க" என்று மூடினார். மறுபடி இரண்டு பையிலும் அதிர்ந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். க்ரேன் கயிறு அவ்வளவு மெல்லிசாக இருந்தால் தாங்காது, கொப்பரை ஆடுவது போதாது, மேஸ்திரி தொப்பி போடவில்லை. மொத்தம் நாலு குறை. குக்கருக்கு வைத்திருக்கும் டைரியை அவருக்கே கொடுத்துவிட வேண்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

கேம் போய்விட்டது. ஃபெலிக்ஸ் பன் வாங்கிக் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தை எடுத்தாயிற்று, காய்ந்து கோலிக்குண்டு மாதிரி இருந்தது.

ஐந்து மணிக்கு தாரணியின் அக்கவுண்டை எடுத்தார்கள். அப்போது அவள் போன் என் டேபிளில் சார்ஜில் கிடந்தது. 'நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்' என்று ஒரு வரி வந்து, மறைந்தது. அதற்குக் கீழே நூறு சதவீதம் என்று காட்டியது.

பிளக்கைப் பிடுங்கினேன்.